உணவுத் தொழில்நுட்பமா, ஊட்டச்சத்தியலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் உணவு தொடர்பான படிப்பில்தான் சேருவேன் என்கிறாள். உறவினர்களில் ஒருவர் ஃபுட் டெக்னாலஜி என்கிறார்; மற்றொருவர் நியூட்ரிஷன் என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?
– ஒரு தந்தை, கரூர்

பதில்: ஒன்றல்ல. விளைபொருள் ஆலைக்குள் நுழைந்ததிலிருந்து, பொட்டலமாகிக் கடைக்குப் போய் அங்கே கெடாமல் இருப்பது வரைக்கும் உணவுத் தொழில்நுட்பத்தின் பொறுப்பு. அதை உண்ட பின் உடலில் என்ன நடக்கிறது, யாருக்கு எது எவ்வளவு தேவை என்பதெல்லாம் ஊட்டச்சத்தியலைச் சேர்ந்தவை.

புழுங்கலரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அதன் மாவுச்சத்து பசையாகி, உலர்ந்த பின் மணி இறுகிவிடுவதால் அரைவையில் குருணை குறைகிறது. தொட்டியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறிய நெல்லில் ஒரு புளித்த வாடை வரும். ஏறக்குறைய 70 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் சில மணி நேரமே போதும், வாடையும் இராது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எந்த ஈரப்பதத்தில் அரைவைக்கு அனுப்புவது, எரிபொருள் செலவு கட்டுமா என்பவை தொழில்நுட்பம் படித்தவர் விடை காண வேண்டிய கேள்விகள். அதே ஊறலிலும் அவியலிலும் தவிட்டில் இருக்கும் தயமின் என்னும் பி1 வைட்டமின் மணிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்தவர்களை வாட்டிய பெரிபெரி நோய், புழுங்கலரிசி உண்டவர்களிடம் குறைவாகக் காணப்பட்டதற்கு இதுவே காரணம் என்று கண்டது ஊட்டச்சத்தியல். அந்த நோயை ஆராய்வதற்காக 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்த நிறுவனமோ இன்று நிஃப்டெம் என்ற பெயரில், 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் பெற்ற உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக இயங்குகிறது.

ஆகவே, உங்கள் மகளுக்குக் கணக்கும் இயந்திரமும் பிடிக்குமா, உயிரியலும் மனிதர்களோடு உட்கார்ந்து பேசுவதும் பிடிக்குமா என்று கேளுங்கள். சமையலில் ஆர்வம் இருக்கிறது என்பது மட்டும் இரண்டுக்குமே போதாது. அதற்குக் கேட்டரிங் படிப்பு தனியாக இருக்கிறது.

கேள்வி: நான் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் படிக்கிறேன். பி.டெக். உணவுத் தொழில்நுட்பத்தில் சேர முடியுமா?
– ஒரு மாணவர், அறந்தாங்கி

பதில்: பி.டெக். என்றால் பொதுவாகக் கணிதம் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் உள்ளிட்ட கல்லூரிகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு வழியாகத்தான் செல்ல வேண்டும். அதற்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணிதத்துக்கு மட்டுமே 100 போய்விடுகிறது, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. தஞ்சாவூர் நிஃப்டெம் நிறுவனத்துக்கு ஜே.இ.இ. மெயின் என்னும் தேசிய நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். உங்களுக்குப் பொருத்தமானது பி.எஸ்சி. ஊட்டச்சத்தியல்தான், அதில் இரண்டாம் தரம் என்று எதுவும் இல்லை.

கேள்வி: கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? விளம்பரங்களில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன.
– ஒரு பள்ளி ஆசிரியை, தேனி

பதில்: விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு, நேரில் சென்று மாதிரி உற்பத்திக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தின் அருகே தொங்கும் பதிவேட்டில், அது கடைசியாக எந்தத் தேதியில் ஓடியது என்று பாருங்கள். உறை பிரிக்காத இயந்திரங்களை ஆய்வுக்கு வருபவர்களுக்காக வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் கூடங்களும் உண்டு. மாங்காய் ஊறுகாய்க்குத் தேவைப்படாத 121 டிகிரி வெப்பம் டின்னில் அடைத்த பட்டாணிக்கு ஏன் தேவைப்படுகிறது என்று ஒரு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.6-க்கு மேலிருந்தால், அதாவது புளிப்பு குறைவாக இருந்தால், காற்றுப் புகாத டின்னுக்குள் நச்சை உண்டாக்கும் பாட்டுலினம் கிருமி வளரக்கூடும் என்று அவர் தயங்காமல் சொன்னால் பாடம் ஒழுங்காக நடக்கிறது என்று நம்பலாம்.

சுவை மதிப்பீட்டுக் கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். தனித்தனித் தடுப்புகள் இருக்கும். நிறத்தைப் பார்த்து மனம் சாய்ந்துவிடாமல் இருக்கச் சிவப்பு விளக்கு எரியும். சுவைப்பவர் "மிகமிகப் பிடிக்கிறது" என்பதிலிருந்து "மிகமிகப் பிடிக்கவில்லை" என்பது வரையிலான 9 படிகளில் ஒன்றைக் குறிப்பார். அந்தத் தடுப்புகளில் பழைய வினாத்தாள் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தால், மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பி.எஸ்சி. முடித்ததும் டயட்டீஷியன் என்று பலகை மாட்டி ஆலோசனை வழங்கலாமா?
– ஒரு கல்லூரி மாணவி, மதுரை

பதில்: அவசரப்பட வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு உணவுப் பட்டியல் எழுதுவது ஒருவேளை எளிதாகத் தோன்றலாம். ஆனால் சர்க்கரையோடு சிறுநீரகமும் பழுதுபட்டவருக்குப் புரதத்தையும் பொட்டாசியத்தையும் கணக்கிட்டு, அவர் வீட்டில் தினமும் வைக்கும் சாம்பாருக்குள் அதை அடக்கிக் காட்டுவதற்கு மருத்துவமனைப் பயிற்சி வேண்டும். முதுநிலைப் பட்டமோ முதுநிலைப் பட்டயமோ பெற்று, மருத்துவமனையில் பயிற்சி முடித்து, இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுபெற்ற உணவியலாளர் தேர்வில் தேறுவதே இத்துறையில் மதிக்கப்படும் வழி. இணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்திலும் ஊட்டச்சத்து வல்லுநர்கள் சேர்க்கப்பட்டிருப்பதால், தகுதியின் மேல் பிடி இறுகுமே தவிரத் தளராது.

கேள்வி: ஃபுட் டெக் முதலாண்டு படிக்கிறேன். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் மணி கலந்திருக்கிறது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?
– ஒரு மாணவர், விழுப்புரம்

பதில்: அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவுடன் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, அச்சில் பிதுக்கி, அரிசி வடிவில் நறுக்கி உலர்த்தி, 100 மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் சாதாரண அரிசியுடன் கலக்கிறார்கள். இவ்வாறு கலந்த ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுகோல். நிறமும் சுவையும் மாறாதபடி இரும்பை எந்தச் சேர்மமாகச் சேர்ப்பது, கொதியில் மணி கரையாமல் இருக்க என்ன செய்வது என்பவற்றை நீங்கள் அடுத்த ஆண்டுகளில் படிப்பீர்கள். அதை உண்டவரின் ரத்தசோகை உண்மையில் குறைகிறதா என்பதைப் பக்கத்துத் துறையில் ஊட்டச்சத்தியல் படிப்பவர் ஆராய்வார், அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. வீட்டில் அந்த மணிகளைப் பொறுக்கி எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய் உள்ளவர் யாராவது இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அந்தச் சோற்றைக் கொடுக்கட்டும்.