காட்டோர நிலத்தில் நாட்டு மரங்கள்

கேள்வி: காட்டை ஒட்டிய எங்கள் பட்டா நிலம் முழுக்க உண்ணிச்செடி (லாண்டானா என்னும் களைப்புதர்). அதை வெட்டிவிட்டு ஜூன் மாதம் நட்ட ஆச்சா, உசில் கன்றுகள் காய்ந்துவிட்டன. உண்ணிச்செடியோ மீண்டும் தழைத்துவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணை விலக்கி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, தூரைத் தலைகீழாகப் போடுங்கள். பழம் பழுக்குமுன் செய்வது முக்கியம். பறவைகள் விதையைப் பரப்பிவிடும். அடியில் தானாக முளைத்திருக்கும் வெப்பாலை, வெள்வேல் கன்றுகளைக் காப்பாற்றுங்கள். நட்ட கன்றைவிட அவை உறுதியானவை.

ஜூன் மழையை நம்பி நட்டால், அடுத்து வரும் வறண்ட வாரங்களில் கன்று வாடும். உங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் வரை, மண் ஒரு அடி ஆழம் நனைந்தபின் நடுங்கள். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. சரிவில் குழிக்குக் கீழ்ப்புறம் பிறை வடிவில் கரை கட்டினால் ஓடும் நீர் நிற்கும்.

ஆச்சாவுக்கு ஆணிவேர்தான் உயிர். சிறிய பையில் நெடுநாள் இருந்தால் வேர் சுருண்டுவிடும். அப்படிப்பட்ட கன்று கோடையைத் தாங்காது. புது விதையை நேரடியாக ஊன்றுவதே மேல். முதல் சில ஆண்டுகள் மேல்தண்டு காய்ந்து மறுபடி துளிர்க்கும். செத்துவிட்டதென்று பிடுங்காதீர்கள்!

10 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 430 கன்றுகள் பிடிக்கும். பாறைப் பகுதியை விட்டுவிடுங்கள். ஓடைக்கரையில் மட்டும் புங்கன், நீர்மருது. ஆடு புகாமல் முள்வேலி கட்டாயம். உண்ணி முளைகளை மூன்று ஆண்டுகளாவது மழைக்குப்பின் பிடுங்க வேண்டும்.