மாசியில் என்ன நடலாம்? கிணற்றைக் கேட்டுச் சொல்லுங்கள்

யாழ்ப்பாணத்தில் மாரி ஓய்ந்து வெங்காயம் கிண்டும் காலம் நெருங்குகிறது. தோட்டம் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

கோப்பாயிலிருந்து: அண்ணை, எங்களுக்கு நாலு பரப்பு (யாழ்ப்பாண நில அளவு) செம்மண் தோட்டம். மாசி நடுவில் வெங்காயம் கிண்டிவிடுவோம். பிறகு நாலு பரப்பிலும் மிளகாய் நடலாம் என்கிறார் அப்பா. உங்கள் எண்ணம் என்ன?

தம்பி, அப்பாவோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் நிலத்தை அளந்துதான் கணக்குப் போட்டிருக்கிறார். இப்போது கிணறு நிறைந்திருப்பதால் எதையும் நடலாம் போலத்தான் தோன்றும். மிளகாயோ மாதக்கணக்கில் தோட்டத்தில் நிற்கும் பயிர். நல்ல மழை இனி ஐப்பசியில்தான். சித்திரையில் வெயில் நேர் உச்சிக்கு வரும்போதும் வைகாசியில் சோளகக் காற்று வீசும்போதும் இறைத்தே ஆகவேண்டும்.

ஆகவே அப்பாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: போன சித்திரைக் கடைசியில் எவ்வளவு நேரம் இறைத்த பிறகு கிணறு அடி காட்டியது, திரும்ப ஊற எவ்வளவு நேரம் எடுத்தது? அந்த நீர் இரண்டு பரப்புக்குத்தான் காணும் என்றால் மிளகாயும் இரண்டு பரப்புத்தான். மூன்றாவது பரப்பில் கீரையும் பயற்றையும் போட்டு, வெயில் முற்றுமுன் காசாக்கிவிடுங்கள். நாலாவது பரப்பு குழை தாட்டு, அதாவது இலைதழையை மண்ணில் புதைத்து, கிடக்கட்டும். அது வீணாகக் கிடப்பதாக அயலவர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. வெங்காயம் கிண்டிய கையோடு மிளகாய் நடுவதென்றால் நாற்றுமேடை தை நடுவிலேயே போட்டிருக்க வேண்டும். போட்டீர்களா?

நீர்வேலியிலிருந்து: கோடையில் எங்கள் கிணற்று நீர் சவராகிறது. இன்னும் ஆழமாக்கலாமா?

கூடவே கூடாது. நம் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அதாவது மேலே 1 அடியை இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு பல அடி ஏறி வரும். ஆழமாக்குவது, நீங்களே உப்பைத் தேடிப் போவதாகும். விடியலில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று பிரித்து இறையுங்கள். இடையில் ஊற விடுங்கள். சவர் தெரியத் தொடங்கினால் பயிரைக் குறையுங்கள். வேறு வழி கிடையாது.

உரும்பிராயிலிருந்து: தம்பி, தோட்டக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து எங்கள் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா? மூன்று மாதக் குழந்தை.

வேண்டாம் அக்கா. வெங்காயத்துக்கு அள்ளி வீசுகிற யூரியா மழையோடு இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கிறது. கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். நீரைப் பரிசோதித்துப் பார்க்கும்வரை குழந்தைக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

அச்சுவேலியிலிருந்து: கத்தரியில் நுனிக் குருத்து மட்டும் வாடித் தொங்குகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒரு கத்தியை எடுங்கள். வாடிய நுனியை நறுக்கி, தண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே சுரங்கம் போலக் குடைந்து, எச்சம் அடைந்து, வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு புழு சுருண்டு கிடந்தால் அது தண்டு, காய் துளைப்பான். உள்ளே இருப்பதை வெளியில் அடிக்கும் மருந்து எட்டாது. வாடிய நுனிகளையும் ஓட்டை விழுந்த காய்களையும் கிழமைதோறும் வெட்டி எரியுங்கள். பலர் வெட்டி வரம்பிலேயே போட்டுவிடுகிறார்கள். புழு அங்கே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வருகிறது.

ரொறன்ரோவிலிருந்து: அண்ணா, இங்கும் வசந்தம் வரப்போகிறது. ஊர்க் கத்தரி, மிளகாய் விதை இருக்கிறது. எப்போது போடலாம்?

மார்ச்சில் வீட்டுக்குள் சட்டியில் போடுங்கள். வெளிச்சமும் சூடும் வேண்டும். உறைபனி விட்டு இரவுக் குளிரும் தணிந்த பிறகு, மே கடைசியில் வெளியே நடுங்கள். ஊர்ப் பஞ்சாங்கம் அங்கே செல்லாது.

இணுவிலிலிருந்து: குழை தாட்கச் சொல்கிறீர்கள். வேலியெல்லாம் மதிலாகிவிட்டதே, குழைக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. பூவரசும் கிளுவையும் நின்ற வேலியை இடித்து மதில் கட்டினோம். 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது ஆளாளுக்குக் குழை தேடி அலைந்தோம். இப்போதைக்குக் காய்ந்த பனையோலையைத் துண்டாக்கி மண்ணில் தாட்டுவிடுங்கள். உக்க நாள் எடுக்கும், ஆனால் செம்மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வரும் ஐப்பசி மழையோடு தோட்டத்தின் ஓரத்தில் குழைக்காகச் சீமைக்கிளுவைக் கதியால் (ஊன்றினால் துளிர்க்கும் தடி) ஊன்றிவிடுங்கள். மதிலுக்கு உட்புறமாக ஊன்றினாலும் அது வளரும்.