சம்பளக்கார அக்கா, வள்ளக்காரத் தம்பி: யாருக்கு வரிச் சுமை கூட?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எனக்கு மாதம் 2 இலட்சம் சம்பளம், வரி பிடித்துத்தான் கையில் தருகிறார்கள். தம்பி வள்ளத்தில் போய் மாதம் 60,000 அளவில் உழைக்கிறான். ஒரு சதம் வரி இல்லை. இதைச் சொன்னால் வீட்டில் சண்டை. யார் சொல்வது சரி? பணக்காரரிடம் கூடுதலாக வரி எடுத்தால் நாடு வளராது என்கிறார்களே, அதுவும் உண்மையா?"

முதலில் சம்பளத் துண்டை எடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய் வரை வருமான வரி இல்லை. மிச்சம் 50,000க்கு 6 வீதம், ஆக 3,000 ரூபாய். இதற்கு மேல் பிடித்திருந்தால் கணக்குப் பிரிவில் கேளுங்கள். 2023இல் இதே சம்பளத்துக்கு 10,500 போனது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை போல.

இனித் தம்பி. அவர் வரி கட்டுவதில்லை என்பது சரியல்ல, கட்டுவது கண்ணில் படுவதில்லை. சவர்க்காரம், பிஸ்கற், போன் ரீலோட், மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல், வீட்டுக்கு காஸ் எல்லாவற்றிலும் வற் (விலையோடு சேர்ந்து வரும் பெறுமதி சேர் வரி) இருக்கிறது. 2024 ஜனவரி முதல் அது 18 வீதம்; பெற்றோலும் காஸும் அன்றுதான் அதற்குள் வந்தன. மூலைக்கடை வற்றுக்குப் பதியாத கடையாக இருக்கலாம், பில்லில் அந்த வரி தெரியாது. ஆனால் சவர்க்காரம் செய்த கம்பனி கட்டியதை விலையில் சேர்த்துத்தான் அனுப்புகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். அரிசி, மரக்கறி போன்ற வற் இல்லாத செலவு போக, தம்பி 30,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறார் என்று வையுங்கள். அந்த விலைக்குள் இருக்கும் வற் (118இல் 18 பங்கு) ஏறத்தாழ 4,575. நீங்கள் 80,000க்கு வாங்கினால் வற் 12,200, சம்பள வரியோடு 15,200. தொகை உங்களுடையதுதான் பெரிது. வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் இருவருக்கும் 7.6 வீதம்! செலவுத் தொகைகள் நான் வைத்தவை. உங்கள் வீட்டு பில்களை வைத்து மாற்றிப் பாருங்கள், செலவு மாறினால் வீதமும் மாறும்.

மூன்றாவது ஆள் ஒருவரைச் சேர்த்தால்தான் கதை மாறும். மாதம் 20 இலட்சம் வந்தும் கணக்குக் காட்டாதவர். வற் உள்ள சாமானுக்கு 3 இலட்சம் செலவழித்தாலும் அவர் கட்டுவது 2.3 வீதம்தான். போன சீசனில் உங்கள் கரையோரத்து விடுதி ஒன்றில் தங்கினேன். பில் கேட்டபோது சிகரெட் பெட்டியைக் கிழித்து, உள்பக்கத்தில் தொகையை எழுதித் தந்தார்கள். அக்காவும் தம்பியும் சண்டை பிடிக்கவேண்டிய இடம் அது.

வளர்ச்சி பற்றிய கேள்விக்கு நம் நாடே ஒரு பரிசோதனை செய்துவிட்டது. 2019 டிசம்பரில் வற்றை 15இலிருந்து 8 வீதமாக்கினார்கள். வருமான வரியில்லாத எல்லையை ஆண்டுக்கு 30 இலட்சமாக உயர்த்தினார்கள். கையில் மிஞ்சும் காசு முதலீடாகும் என்றார்கள். கொரோனாவும் சேர்ந்துகொண்டது உண்மை. ஆனால் 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் 2021இல் 8 வீதத்துக்கும் கீழே போனது. பள்ளத்தை நிரப்பப் பணம் அச்சிட்டார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றோம், செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஓகஸ்டில் மானியம் போய் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆன நாளை உங்கள் தம்பி மறந்திருக்க மாட்டார். வரிச் சலுகை மேலே இருந்தவருக்கு, அதன் பில் கடலுக்குப் போகிறவருக்கு.

அதற்காக எவ்வளவும் வரி போடலாம் என்று இல்லை. சம்பளக்காரரை மட்டும் பிழிந்தால் டொக்டரும் பொறியியலாளரும் விமானம் ஏறுவார்கள். சர்வதேச நாணய நிதிய ஆய்வாளர் மூவர் 2014இல் பல நாடுகளின் கணக்கைப் பார்த்தார்கள். வரிக்கும் உதவிகளுக்கும் பிறகு ஏற்றத்தாழ்வு குறைவாக இருந்த நாடுகளில் வளர்ச்சி வேகமாகவும் நீண்டும் இருந்தது. மிக அதிகமாகப் போனாலொழிய, பங்கிட்டுக் கொடுப்பது வளர்ச்சியைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்த காசு எங்கே போகிறது என்பதும் முக்கியம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்தார் பாதையில் (ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில்) ஏறித்தான் களப்பைக் கடந்தார்கள். மீன் பெட்டியும் பிரசவ வலியும் பாதைக்காகக் காத்திருந்தன. பாலம் கடனில் வந்தது, கடனை அடைப்பது நம் வரி.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வங்கியில் நிலையான வைப்பு இருந்தால் வட்டியில் 10 வீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு அந்த வட்டியில் உரிய வரி 6 வீதம்தான் (சம்பளமும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 28 இலட்சத்தைத் தாண்டாதவரை). நவம்பர் 30க்குள் வரி அறிக்கை கொடுத்து மிச்சத்தைக் கேளுங்கள். தம்பியின் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்பதால், அவர் பெயரில் வைப்பு இருந்தால் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுக்கலாம். வட்டியில் வரி பிடிக்க மாட்டார்கள். படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள், சண்டை பாதி தீரும்.