கிட்டத்துப் படங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அம்மம்மாவின் பித்தளை வெற்றிலை வட்டாவின் அடியில் அவருடைய பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. போனில் எடுத்தால் பெயரைக் காணோம், என் முகம்தான் விழுகிறது. புளி போட்டுத் தேய்த்துவிட்டு எடுக்கட்டுமா ஐயா?
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: புளியைக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள் மகள். வெட்டிய எழுத்துக்குள் படிந்திருக்கும் கறுப்பினால்தான் அந்தப் பெயரை வாசிக்க முடிகிறது. தேய்த்தால் பள்ளமும் மேடும் ஒரே மினுக்கமாகிவிடும். மெல்லிய துணியால் தூசியைத் தட்டினால் போதும்.

பிளாஷை நிறுத்துங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு வட்டாவை மேசையில் கவிழ்த்து வையுங்கள். டோர்ச்சை மேலிருந்து அடிக்காமல், பித்தளையின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒளி அதை உரசிக்கொண்டு போகிற மாதிரிப் பிடியுங்கள். எழுத்தின் ஒரு கரையில் வெளிச்சமும் மறு கரையில் நிழலும் விழும். டோர்ச்சை மெல்லச் சுற்றிக் கொண்டுவந்தால் ஒரு கோணத்தில் பெயர் முழுதாக எழும்பி நிற்கும், அங்கே கையை நிறுத்துங்கள். போனை இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் பாலம் மாதிரி வைத்து டைமரில் எடுத்தால் ஆட்டமும் இல்லை. ஏட்டுச்சுவடிக்கும் பழைய காசுக்கும் இதே வேலைதான். ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட, விளிம்பு வளைந்து வளைந்து போகும் அந்தப் பத்துச் சதம் வீட்டில் கிடந்தால் முதலில் அதில் பழகிப் பாருங்கள்.

முகம் விழுவதற்குக் காரணம், பித்தளை எதிரில் இருப்பதைத்தான் காட்டும். வட்டாவை முழுதாக எடுக்கும்போது பகலில் யன்னலோரம் வைத்து, யன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். வெள்ளை பிரிஸ்டல் போட்டில் போன் லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி, அதற்குப் பின்னால் நின்று எடுங்கள்.

கேள்வி: அப்பா அம்மாவின் கல்யாணப் படம் 2004 சுனாமியில் நனைந்து பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. ஒரு கடையில், கழற்றி ஸ்கான் பண்ணித் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகர், கல்லடி

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி. இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.

பழைய படங்களில் உருவம் கடதாசியில் இல்லை, அதன் மேலே பூசிய ஜெலற்றின் படலத்தில் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அது ஊதி இளகும், காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் கடதாசி உங்கள் கையில் வரும், அம்மாவின் முகம் கண்ணாடியில் நிற்கும். அந்த வருடத்துக்குப் பிறகு என் கடைக்கு இப்படிப் பல படங்கள் வந்தன. கண்ணாடியோடேயே எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தை ஈரம் பட்டும் படாமலும் ஒரு துணியால் துடையுங்கள். எதையும் விசிறி அடிக்காதீர்கள், விளிம்பால் உள்ளே இறங்கும். படத்தைச் சுவரோடு நேராக நிறுத்தி, ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை இடமும் வலமும் 45 பாகையில், கொஞ்சம் தள்ளி வையுங்கள். அறையில் வேறு வெளிச்சம் கூடாது. கமராவுக்கு முன்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு லென்ஸை மட்டும் அதன் ஓட்டையால் நீட்டுங்கள், நீங்களும் கறுப்புச் சட்டை போடுங்கள். அப்போது கண்ணாடிக்குப் பிரதிபலிக்க ஒன்றும் இருக்காது. போன் என்றால் முட்டிக்கொண்டு நிற்காமல் பின்னால் வந்து 2x லென்ஸில் எடுங்கள், இல்லாவிட்டால் பிரேமின் ஓரங்கள் வளையும். ஒட்டிய இடம் கடுமையாகவும் ஒட்டாத இடம் வெளிறியும் தெரியும். அதைப் பிரதியில் கணினியால் சரிசெய்யலாம்.

முழுப் படம் முடிந்ததும் கிட்டப் போங்கள். எல்லோரும் முகத்தை மட்டும் கேட்பார்கள், நான் கைகளையும் எடுப்பேன். கூறைச் சேலையின் கரை, மாலையின் முடிச்சு, அட்டையின் மூலையில் ஸ்டூடியோக்காரர் அழுத்திய முத்திரை. பின் அட்டையில் யாராவது திகதி எழுதியிருந்தால் அதையும்.

கேள்வி: உம்மாவின் மருதமுனைக் கைத்தறிச் சாரியைக் கிட்ட எடுத்தால், சாரியில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் வருகின்றன. போன் பழுதா?
வாசகி, அக்கரைப்பற்று

பதில்: போன் நல்லாத்தான் இருக்கிறது. நூல்களின் இடைவெளியும், கமராவுக்குள் ஒளியை வாங்கும் தகடான சென்சரின் புள்ளிகளின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாகும்போது இந்த அலை வரும். முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிலவேளை அலை படத்தில் இருக்காது, திரையில்தான் இருக்கும். படத்திலேயே இருந்தால் துணியைக் கொஞ்சம் திருப்புங்கள், அல்லது பாவும் (நெடுக்கு நூல்) ஊடும் (குறுக்கு நூல்) தனித்தனி நூலாகத் தெரியும்வரை கிட்டப் போங்கள். கரையோரம் ஊடு நூல் மடிந்து திரும்பும் இடம் கைத்தறியில் அழகு.

கேள்வி: கிட்டத்துப் படங்களுக்கான மக்ரோ லென்ஸ் வாங்கக் காசு போதாது. கையில் 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது.
பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை

பதில்: நீட்டுக் குழாய் வாங்குங்கள். அதற்குள் கண்ணாடியே கிடையாது, லென்ஸைச் சென்சரிலிருந்து தள்ளி வைப்பதுதான் அதன் வேலை. 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. குழாய் போட்டால், பொருள் எவ்வளவோ அவ்வளவே சென்சரில் விழும். ஆனால் அந்த நிலையில் முழுச் சென்சர் (full-frame) கமராவில், லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால் கூட ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். பயந்து இன்னும் சுருக்கி எஃப் 22 க்குப் போனால் படம் முழுதும் கூர்மை மங்கும். எஃப் 8, எஃப் 11 போதும்.

கேள்வி: எங்கள் மாமரத்தில் முசுறு எறும்பு இலைகளை ஒட்டிக் கூடு கட்டுகிறது. எடுத்தால் எல்லாம் கலங்கல்.
பாடசாலை மாணவன், தம்பிலுவில்

பதில்: கச்சான் காற்று எழும்ப முதல், காலையிலேயே போ மனே. கொப்பில் சாயாதே, கடித்துவிடும். போக்கஸைத் தொட்டுப் பூட்டிவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக்கொண்டே தொடர்ச்சியாகப் படம் எடு, ஒன்றிரண்டு படத்திலாவது போக்கஸ் முசுறின் கண்ணில் விழும். வாயில் வெள்ளைப் புழுவைப் பிடித்திருக்கும் முசுறைத் தேடு. அந்தப் புழுதான் முசுறின் குஞ்சு. அது விடும் பட்டு நூலால்தான் இலையை ஒட்டுகின்றன.

முசுறு ஓடி ஓடிக் களைக்க வைத்தால் கடற்கரைக்குப் போ. நம் கரையில் சூரியன் கடலிலிருந்து ஏறுவதால் காலை வெளிச்சம் தரையோடு படுத்து வரும், மணலின் ஒவ்வொரு பருக்கைக்கும் நிழல் இருக்கும். மணலில் படரும் அடம்பன் கொடியின் பூ மத்தியானத்துக்குப் பிறகு வாடிவிடும். அந்தக் கொடியின் இலையும் காம்பும் சேரும் இடத்தில் தேன் ஊறும், அதைக் குடிக்க எறும்பு வந்து நிற்கும். நிற்கிற எறும்பு உனக்கு லேசு.

கேள்வி: மாரி காலத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கிறது. அரிசி வாளிக்குள் வைக்கலாமா?
வாசகர், வாழைச்சேனை

பதில்: வேண்டாம், அரிசித் தூசி உள்ளே போகும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள், ஈரத்தை அது விடாது.