கொழுந்து கிள்ளும் விரலுக்குக் கல்சியம் எங்கிருந்து வருகிறது?

தசை சுருங்கத் தேவையான கல்சியம் எங்கிருந்து வருகிறது என்று ஹட்டனிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். தசைக்கலத்துக்குள்ளேயே சேமிப்பு இருக்கிறது தங்கச்சி!

அம்மா கொழுந்து எடுப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். இரண்டு இலையும் மொட்டும் டக்கென்று ஒடியும். அந்த விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. நரம்பின் மின்சைகை வந்ததும், தசைக்கல மென்சவ்வில் உள்ள ஒரு புரதம் வடிவம் மாறி, எதிரே கல்சியப் பையில் இருக்கும் ரையனோடின் ஏற்பி என்ற வாசலை நேரடியாகவே திறந்துவிடுகிறது. நான்கு துண்டுகள் சேர்ந்த பிரமாண்டமான வாசல் அது; ஒரு துண்டிலேயே ஏறக்குறைய 5000 அமினோ அமிலங்கள்! வெளியே பாயும் கல்சியம் ட்ரோபோனின் என்ற தசைப் புரதத்தில் ஒட்ட, தசை சுருங்குகிறது.

இதயத்தில் கதை வேறு: கலத்துக்கு வெளியிலிருந்து நுழையும் கொஞ்சக் கல்சியமே வாசலைத் திறக்கும்.

அப்புறம், விரல் தளர வேண்டுமே? கலத்துக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறைச் செலவழித்து ஒரு பம்பு கல்சியத்தைப் பைக்குள் திருப்பி ஏற்றுகிறது.