டோட்டா, சிஎஸ் மேட்சில் பெட் கட்டுவது: கேட்டதற்கெல்லாம் பதில்

மதுரை அண்ணா நகரில் என் கேமிங் சென்டருக்கு வருகிற பசங்களில் பாதிப் பேராவது இப்போது மேட்ச் பார்ப்பதைவிட மேட்சில் பணம் கட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். டோட்டா, சிஎஸ் (கவுன்டர் ஸ்ட்ரைக்) என்கிற இந்த கம்ப்யூட்டர் கேம்களை ரொம்ப வருஷமாகப் பார்க்கிறவன், ஆட்ஸ் (ஜெயித்தால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்கிற எண்) கணக்கும் தெரிந்தவன் என்பதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் முக்கியமானவற்றுக்குப் பதில் கீழே.

ஒத்தக்கடையிலிருந்து: அண்ணே, டோட்டா டீம் எல்லாம் எனக்கு அத்துப்படி. பத்து மேட்சில் ஆறு சரியாகச் சொல்கிறேன். அப்புறம் ஏன் காசு மட்டும் கரைந்துகொண்டே போகிறது?

தம்பி, ஜெயிக்கிற டீமைச் சொல்வது வேறு, ஜெயிக்கிற விலைக்கு வாங்குவது வேறு. ஒரு மேட்சில் பலமான டீமுக்கு 1.50, இன்னொன்றுக்கு 2.50 என்று பெட்டிங் கம்பெனிக்காரன் ஆட்ஸ் போட்டிருக்கிறான் என்று வை. 100ஐ 1.50ஆல் வகுத்தால் 66.7, 2.50ஆல் வகுத்தால் 40. இரண்டையும் கூட்டு, 106.7 வரும். 100க்கு மேலே நிற்கிற அந்த 6.7தான் அவன் கமிஷன், நீ ஜெயித்தாலும் தோற்றாலும் அது உள்ளே இருக்கிறது. இப்போது உன் கணக்கைப் பார்க்கலாம். பத்து மேட்சிலும் 1.50 டீமுக்கே 100 ரூபாய் கட்டுகிறாய், ஆறு ஜெயித்தால் தலா 50 வீதம் 300 லாபம், நாலு தோற்றால் 400 நஷ்டம். ஆறு சரியாகச் சொல்லியும் 100 ரூபாய் போச்சு. மூன்றில் இரண்டு சரியாகச் சொன்னால்தான் போட்ட காசாவது திரும்பும்.

ஐந்து மேட்சைச் சேர்த்துக் கட்டினால் பெரிய தொகை வரும் என்று ஆசை காட்டுவான், அது இன்னும் மோசம். 1.60 கொடுக்க வேண்டிய மேட்சுக்கு 1.50 கொடுக்கிறான் என்றால், ஐந்தைப் பெருக்கும்போது சுமார் 10.5 மடங்கு வர வேண்டிய இடத்தில் 7.6 மடங்குதான் வரும். ஒவ்வொரு மேட்சிலும் எடுத்த கமிஷனும் சேர்ந்து பெருகிவிடுகிறது. இதையெல்லாம் தாண்டித் தொடர்ந்து ஜெயிக்கிற ஆளும் ஒருசிலர் உண்டு, அவர்கள் கட்டக்கூடிய தொகையை அந்தக் கம்பெனிகளே சில்லறைக் காசாகக் குறைத்துவிடும்.

அதே தம்பி: தோற்றால் அடுத்ததில் இரண்டு மடங்கு கட்டினால் விட்டதைப் பிடிக்கலாமே?

ஆட்ஸ் 2.00 என்றே வை, 100, 200, 400 என்று போ. வரிசையாக ஏழு தோற்றால் 12,700 போயிருக்கும், எட்டாவதுக்கு 12,800 வேண்டும், அதுவும் ஜெயித்தால் மொத்த லாபம் 100 ரூபாய். வேண்டாம்.

மேலூரிலிருந்து: மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டினால் நிலைமை பார்த்துக் கட்டலாம் இல்லையா?

நீங்கள் பார்க்கிற நேரலை தாமதமாகத்தான் வருகிறது. ஆட்டக்காரர்கள் பார்த்து ஏமாற்றக்கூடாது என்று டோர்னமென்ட் நடத்துபவர்களே தாமதம் வைப்பார்கள். பெரிய பெட்டிங் கம்பெனிகளுக்கு கேம் சர்வரின் தகவலே தனியாகப் போகிறது. உங்கள் திரையில் ரோஷனை (டோட்டாவில் டீம்கள் குறிவைக்கிற பெரிய அசுரன்) அடிக்க ஆரம்பிக்கும்போது அங்கே ரோஷன் செத்து, ஆட்ஸும் மாறியிருக்கும்.

செல்லூரிலிருந்து: பெரிய டோர்னமென்டில் யார் ஜெயிப்பார்கள் என்று கொஞ்சமாவது கணிக்க முடியாதா?

கணிக்கலாம், அந்தச் சுவைக்காகத்தான் நானும் பார்க்கிறேன். ஒரு மேப்பில் (தொடரின் ஒரு தனி ஆட்டத்தில்) ஒரு டீம் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு என்றால் மூன்று மேப் தொடரில் அது சுமார் 65 ஆகிறது, ஐந்து மேப் தொடரில் 68. தொடர் நீண்டால் பலமான டீமுக்கு நல்லது, ஒற்றை மேப் என்றால் எது வேண்டுமானாலும் நடக்கும். ஆனால் 68 என்றால் மூன்றில் ஒருமுறை தோற்பான் என்றும் அர்த்தம். 2018 டிஐயில் (தி இன்டர்நேஷனல், டோட்டாவின் பெரிய உலகப் போட்டி) யாரும் சேரக்கூடிய ஓபன் குவாலிஃபயரிலிருந்து ஏறி வந்த ஓஜி டீம் கோப்பையைத் தூக்கியது. 2021 டிஐ புக்கரெஸ்டில், பரிசுத்தொகையே 4 கோடி டாலர், டீம் ஸ்பிரிட் மேல் பிரிவின் முதல் சுற்றிலேயே தோற்றுக் இன்னொருமுறை தோற்றால் வெளியே என்கிற கீழ்ப் பிரிவுக்குப் போனது. அங்கிருந்து ஒவ்வொரு டீமாக வீழ்த்தி வந்து, கடைசியில் பிஎஸ்ஜி எல்ஜிடியை 3-2 என்று சாய்த்தது. இதெல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று இன்று சொல்கிற எவரையும் நம்பாதீர்கள். ஒரு பேட்ச் (கேமில் கம்பெனி செய்யும் மாற்றம்) வந்தால் போதும், முந்தைய மாதத்து ஆட்டத்தை வைத்துப் போட்ட கணக்கெல்லாம் பாதிக்குப் பாதி செல்லாது.

கூடல் நகரிலிருந்து: டெலிகிராமில் ஒருவர் ஃபிக்ஸ் ஆன மேட்ச் என்று சொல்லி மூன்று மேட்ச் வரிசையாகச் சரியாகச் சொன்னார். நாலாவதுக்கு 5,000 கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். ஆயிரம் பேரில் பாதிப் பேருக்கு ஏ ஜெயிக்கும், மீதிப் பேருக்கு பி ஜெயிக்கும் என்று அனுப்புவார்கள். சரியாக வந்த 500 பேரை மறுபடி இரண்டாகப் பிரிப்பார்கள், அப்புறம் 250, அப்புறம் 125. அந்த 125 பேருக்கு அவர் தீர்க்கதரிசியாகத் தெரிவார், அதில் நீங்கள் ஒருவர்.

ஃபிக்ஸிங் என்பதே பொய் என்று சொல்ல மாட்டேன். 2010இல் தென்கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் கேம் நட்சத்திரங்களே மாட்டினார்கள். 2013இல் சோலோ என்கிற ரஷ்ய டோட்டா ஆட்டக்காரர் தன் டீம் தோற்கும் என்று 100 டாலர் கட்டினார், 3.22 ஆட்ஸில் 322 டாலர். யாராவது சொதப்பினால் சாட்டில் '322' என்று இன்றும் எழுதுவது அதனால்தான். 2014இல் அமெரிக்காவின் ஐபைபவர் சிஎஸ் டீம் வேண்டுமென்றே ஒரு மேட்சை விட்டது, பந்தயம் ஸ்கின்னில் (கேமுக்குள் துப்பாக்கிக்குப் போடும் அலங்காரம், காசுக்கு விற்கலாம்), அடுத்த ஜனவரியில் கேமை நடத்தும் வால்வ் கம்பெனி தடை போட்டது. சம்பளம் குறைவான சின்ன ஆன்லைன் லீகுகளில்தான் இந்த ஆபத்து அதிகம். உண்மையாகவே ஃபிக்ஸ் செய்தவன் அதைத் தானே கட்டிக்கொள்வான், 5,000 ரூபாய்க்கு உங்களிடம் விற்றுக்கொண்டிருக்க மாட்டான்.

சிம்மக்கல்லிலிருந்து: 2025 ஆன்லைன் கேமிங் சட்டத்தில் விளையாடுகிறவனுக்குத் தண்டனை கிடையாது, நடத்துகிறவனுக்குத்தான் என்கிறார்களே?

பாதி உண்மை. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் என்கிறது, விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு, 50 லட்சம் வரை. பணம் கட்டி விளையாடியவரை அது பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது. ஆனால் நாம் இருப்பது தமிழ்நாட்டில். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நம் மாநிலச் சட்டத்தில் ஆன்லைனில் பந்தயம் கட்டுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இதைச் சொல்லாமல் பாதியை மட்டும் பரப்புகிறார்கள்.

ஸ்கின் கட்டினால் பரவாயில்லையா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பணமாக மாற்றக்கூடிய எதுவும் பந்தயம்தான்.

அவனியாபுரத்திலிருந்து: சைட்டில் 18,000 ஜெயித்தேன், வெளியே எடுக்க வரி 5,400 முதலில் கட்டு என்கிறான்.

கட்டாதே தம்பி. வரி இருந்தால் ஜெயித்த தொகையிலிருந்து பிடிப்பார்களே தவிர உன்னிடம் தனியாக வாங்க மாட்டார்கள். நீ பணம் போட்டபோது யுபிஐயில் வந்த பெயரைப் பார்த்தாயா? ஒருநாள் ஏதோ ஒரு ஜவுளிக் கடை, மறுநாள் வடநாட்டுத் தனி ஆள் ஒருவர், அடுத்த நாள் வேறு யாரோ. எல்லாம் வாடகைக்கு எடுத்த அக்கவுண்டுகள். அதிலிருந்து உனக்கு 500 ரூபாய் வந்தாலும், எங்கோ ஒருவர் கொடுத்த புகாரில் உன் அக்கவுண்டும் சேர்ந்து முடங்கும். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடு, ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதே.

வில்லாபுரத்திலிருந்து ஒரு அக்கா: தம்பி காலேஜ் படிக்கிறான். என் செயின் அடகுக் கடையில் இருக்கிறது, வட்டிக்குக் கொடுத்தவர் வீட்டுக்கே வருகிறார். என்ன செய்ய?

அக்கா, முதலில் அவனை உட்காரவைத்து ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுத வையுங்கள். முதல்முறை பாதியைத்தான் சொல்வான். மறைத்து வைத்த மீதியை அடைக்கத்தான் மறுபடி கட்டப் போவான், அதனால் இரண்டு நாள் கழித்து, திட்டாமல், இன்னொரு தடவை கேளுங்கள். கடனை அடைக்கப் பணத்தை அவன் கையில் கொடுக்காதீர்கள், கொடுக்க வேண்டியவரிடம் நீங்களே கொடுத்து எழுதி வாங்குங்கள். வட்டிக்காரர் அநியாய வட்டி கேட்டு மிரட்டினால் 2003 கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம், பயப்பட வேண்டாம்.

விட்டதைப் பிடிக்கும் வெறி அவனை ஆட்டிக்கொண்டிருக்கிறது, அது அறிவுரையில் போகாது. நம் ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். தூங்காமல் இருந்தாலோ, உயிரை விட்டுவிடுவேன் என்கிற மாதிரி பேசினாலோ அன்றைக்கே மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், செலவில்லை. எனக்கும் போன் செய்யச் சொல்லுங்கள் அக்கா, திட்ட மாட்டேன்.

டவுன்ஹால் ரோட்டிலிருந்து: நண்பனோடு மேட்சுக்கு 2,000 பந்தயம், ஜெயித்தேன், தர மாட்டேன் என்கிறான்.

1872 ஒப்பந்தச் சட்டம் 30ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. கோர்ட்டில் கேட்க முடியாது, விட்டுவிடுங்கள்.

திருமங்கலத்திலிருந்து: பசங்க சேர்ந்து வேலரன்ட் டோர்னமென்ட் நடத்தப் போகிறோம். நுழைவுக் கட்டணம் வாங்கலாமா?

இப்படி ஒரு கேள்வி வந்ததே சந்தோஷம். 2025 சட்டம் ஈ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. போட்டியில் சேரவும் நிர்வாகச் செலவுக்கும் கட்டணம் வாங்கலாம், திறமைக்குப் பரிசும் கொடுக்கலாம். ஆனால் அந்த அங்கீகாரத்துக்குப் பதிவு நடைமுறை உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், கேமை வெளியிட்ட கம்பெனியின் விதிகளையும் படியுங்கள். ஆடுகிறவரோ வெளியே நிற்கிறவரோ, யாரும் பந்தயம் கட்டக்கூடாது, அப்படிக் கட்டினால் சட்டப்படி அது ஈ-ஸ்போர்ட்ஸே இல்லை. ஏதாவது பெட்டிங் சைட் பேனர் வைத்தால் ஸ்பான்சர் தருகிறேன் என்று வருவான், மேலே சொன்ன 50 லட்சம் ஞாபகம் இருக்கட்டும். தேதி முடிவானதும் சொல்லுங்கள், மானிட்டர் குறைந்தால் என் சென்டரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.