நீலத்துக்கு அடியில் பச்சை: ராணுவ பிக்கப்தானா?

உங்கள் பழைய பிக்கப்பின் நீல பெயிண்டைச் சுரண்டினால் பச்சை தெரிகிறது என்பதை மட்டும் வைத்து, அது ராணுவத்தில் ஓடிய வண்டி என்று சொல்ல முடியாது. வனத்துறை வண்டியும் பச்சையாக இருப்பதுண்டு.

ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) பாருங்கள். தயாரித்த ஆண்டுக்குப் பல வருஷம் கழித்து முதல் பதிவு நடந்திருந்தால், ஏலத்தில் வந்த ராணுவ வண்டியாக இருக்கலாம். படையில் ஓடும்வரை ஆர்.டி.ஓ. நம்பர் கிடையாது; மேல்நோக்கிய அம்புக்குறியோடு தனி நம்பர். பம்பரை வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) மெதுவாகத் தேய்த்து அந்த அம்பின் தடம் இருக்கிறதா பாருங்கள். பெங்களூருவில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் யாராவது 'மிலிட்டரி பிளேட்' என்று ஒரு தகட்டை நீட்டினால் அதெல்லாம் சாட்சி ஆகாது.

உறுதியானாலும் ஆலிவ் பச்சை மட்டும் அடித்துவிடாதீர்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதிப்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறைக்கு மட்டும்தான், எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது மாட்டிக்கொள்வீர்கள்.